சனிக்கிழமைத் தள்ளுபடி

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். போட் கிளப் பங்களாக்காரருக்கும் அதே 168தான், அம்பத்தூர் லேத் பட்டறைக்காரருக்கும் அதே 168தான். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி ஒரு பேட்டியில், இந்திய இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னபோது நான் செய்த முதல் வேலை, கால்குலேட்டரை எடுத்ததுதான். பி.காம். படித்தவன் புத்தி வேறு எங்கே போகும்?

168இல் 70 போனால் 98. ராத்திரிக்கு ஏழு மணி நேரத் தூக்கம் என்று வைத்தால் வாரத்துக்கு 49. மிச்சம் 49. தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறவர் என்றால், போக வர தினம் இரண்டரை மணி நேரம். ஆறு நாளைக்கு 15. மிச்சம் 34. நாளைக்கு ஐந்து மணி நேரம்கூட இல்லை. இதற்குள் பல் தேய்த்து, குளித்து, மூன்று வேளை சாப்பிட்டு, குழந்தையின் ஹோம்வொர்க் பார்த்து, ஊரில் இருக்கும் அப்பாவிடம் 'மாத்திரை போட்டீங்களா' என்று கேட்டு, துணி காயப்போட்டு... போதுங்க, எழுதும்போதே மூச்சு வாங்குகிறது.

இது கம்மி என்று நினைத்தாரோ என்னவோ, 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் பேசிய வீடியோ ஒன்று வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். வாரத்துக்கு 90 மணி நேரம் என்றார். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் பெண்டாட்டி முகத்தையே பார்ப்பீர்கள் என்கிற பாணியில் ஒரு கேள்வியும் கேட்டார். நாடே கொதித்தது. அவரது கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பிரித்த பத்திரிகைக்காரர்கள், 2023-24இல் அவர் வாங்கியது சுமார் 51 கோடி ரூபாய், அது அந்த கம்பெனி ஊழியரின் இடைநிலைச் சம்பளத்தைப்போல 534 மடங்கு என்று கண்டுபிடித்துப் போட்டார்கள். 90 மணி நேரம் உழைப்பவருக்கு 45 மணி நேரக்காரரைப்போல இரண்டு மடங்கு தரலாம். 534 எந்த வாய்ப்பாட்டில் வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, பெரியவர்களைக் கிண்டல் பண்ணுவது சுலபம். பண்ணியாயிற்று. எனக்குச் சண்டை, கிண்டலோடு விஷயம் முடிந்துவிட்டதாக நாம் நினைப்பதில்தான். 'அந்தக் காலத்து ஆள், அப்படித்தான் பேசுவார்' என்று ஒரு கட்சி. 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வணங்கலை' என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் இதை மனோபாவப் பிரச்னையாகவே பார்க்கிறது. கம்பெனியும் அப்படித்தான். வருஷத்துக்கு ஒரு தடவை ஏ.சி. ஹாலில் உட்காரவைத்து, 'ஒர்க்-லைஃப் பேலன்ஸ்' என்று வகுப்பு எடுக்கும். அவசரமான வேலை எது, முக்கியமான வேலை எது என்று நாலு கட்டம் போட்டுக் காட்டுவார்கள். மூச்சை இழுத்துவிடச் சொல்வார்கள். வெளியே வந்தால் ஏழரை மணிக்கு அமெரிக்கா கால் காத்திருக்கும்.

பேலன்ஸ் என்பது என் படிப்பில் வருகிற வார்த்தை. அது தானாக வராது. ட்ரயல் பேலன்ஸில் இரண்டு பக்கமும் டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத் தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு தலைப்பில் தற்காலிகமாகத் தள்ளிவைப்பார்கள். சாஃப்ட்வேர் கம்பெனியின் கணக்கு ஒவ்வொரு காலாண்டும் அழகாக டேலி ஆகிறதே, எப்படி என்று கேட்டால், ஊழியரின் குடும்பம்தான் அந்த சஸ்பென்ஸ் அக்கவுன்ட். எப்படி என்று சொல்கிறேன்.

ஒரு பெரிய ஐ.டி. சர்வீஸ் கம்பெனியின் லாப நட்டக் கணக்கை எடுத்துப் பாருங்கள். இரும்பு இல்லை, பஞ்சு இல்லை, மூலப்பொருள் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. வருமானத்தில் பாதிக்கு மேல் ஊழியர் செலவு. ஆக, அவர்கள் விற்கிற சரக்கு மனிதர்களின் நேரம். இந்தச் சரக்கில் ஒரு கஷ்டம் இருக்கிறது. கோயம்பேட்டில் இன்று விற்காத கத்தரிக்காயை நாளைக்குப் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம். இன்று விற்காத எட்டு மணி நேரத்தை நாளைக்கு விற்கவே முடியாது, போனது போனதுதான். அதனால்தான் அந்த கம்பெனிகள் 'யூடிலைசேஷன்' என்று ஒரு சதவிகிதத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கின்றன. இருக்கிற ஆட்களில் எத்தனை பேருடைய நேரம் வாடிக்கையாளருக்கு பில் ஆகிறது என்கிற கணக்கு. எண்பதுக்குக் கீழே போனால் பங்குச்சந்தை முகம் சுளிக்கும். பில் ஆகாதவர்கள் உட்காரும் இடத்துக்குத்தான் 'பெஞ்ச்' என்று பெயர். 2025 ஜூனில் டி.சி.எஸ். ஒரு விதி கொண்டுவந்தது: வருஷத்தில் குறைந்தது 225 நாள் பில் ஆக வேண்டும், பெஞ்சில் 35 நாளுக்கு மேல் உட்காரக் கூடாது. ப்ராஜெக்ட் பிடித்து வருவது விற்பனைப் பிரிவின் வேலை. அது கிடைக்காவிட்டால் 36ஆம் நாள் பதில் சொல்ல வேண்டியது பெஞ்சில் இருப்பவர்.

இது வரைக்கும் பலருக்குத் தெரிந்த கதை. இனி வருவதுதான் யாரும் வாய் திறந்து பேசாத இடம்.

வீடு கட்டியவர்களுக்கு இது உடனே புரியும். வேலையை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். நாள் கூலி, அல்லது சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தக் கான்ட்ராக்ட். சாஃப்ட்வேரிலும் இதே இரண்டுதான். பெயர் மட்டும் 'டைம் அண்ட் மெட்டீரியல்', 'ஃபிக்ஸட் பிரைஸ்'. இரண்டாவதில், மொத்த வேலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை சொல்லிவிட வேண்டும். நாலு கம்பெனி போட்டி போடும். எவன் குறைவாகச் சொல்கிறானோ அவனுக்கு வேலை.

ஒரு கணக்குப் போடுவோம். பத்துப் பேர் பன்னிரண்டு மாதம் செய்ய வேண்டிய வேலை ஒன்று. அதாவது 120 ஆள்-மாதம். ஆர்டர் கையை விட்டுப் போய்விடக் கூடாதே என்று விற்கப் போனவர், 'நூறிலேயே முடிச்சுக் குடுக்கிறோம் சார், பத்தே மாசம்' என்று சொல்லிவிட்டு வருகிறார். கைகுலுக்கல், விருந்து, மெயிலில் எல்லோருக்கும் வாழ்த்து. அந்த 20 ஆள்-மாதம் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. மாதத்துக்கு 21 வேலை நாள் என்றால் 420 ஆள்-நாள். பத்துப் பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு 42 நாள். பத்து மாதத்தில் மொத்தம் எத்தனை வாரம்? 43. கணக்கு கச்சிதமாக விழுகிறது பாருங்கள்: பத்து மாதமும், சனிக்கிழமை சனிக்கிழமையாக, பத்துப் பேரும் வந்தால் வேலை முடியும்.

அதாவது வாடிக்கையாளருக்குக் கொடுத்த தள்ளுபடி கம்பெனியின் கல்லாவிலிருந்து போகவில்லை. பத்து வீடுகளின் சனிக்கிழமையிலிருந்து போயிருக்கிறது.

கட்டடத்தில் மேஸ்திரி தப்புக் கணக்குப் போட்டால், கொத்தனார் அதிகமாக வேலை பார்த்த நாளுக்கான கூலி மேஸ்திரி பையிலிருந்து போகும். அடுத்த தடவை ஜாக்கிரதையாக விலை சொல்வார். இங்கே மாதச் சம்பளம். சனிக்கிழமை வந்தவருக்கு கம்பெனிக்கு ஆகிற கூடுதல் செலவு ஒரு பீட்சா, ஒரு கேப். தப்பாக விலை சொன்னவருக்கு வலிக்கவே வலிக்காது. வலிக்காத தப்பை யார் திருத்துவார்கள்?

இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. டைம்ஷீட். ஒவ்வொரு வாரமும் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தோம் என்று ஊழியர் நிரப்ப வேண்டும். துரைப்பாக்கத்தில் டீம் லீடராக இருக்கும் ஒருவரிடம், 'உண்மையான மணி நேரத்தைப் போடுவீங்களா?' என்று கேட்டேன். 'எட்டுக்கு மேல போட்டா மேனேஜர் கூப்பிட்டுக் கேப்பாரு சார். எஸ்டிமேட் தாண்டிடுச்சுன்னா எங்க டீம் ஸ்லோன்னு ஆயிடும். எதுக்கு வம்பு? எட்டுன்னு போட்டுட்டுப் போயிடுவோம்' என்றார்.

ஒரு காஸ்ட் அக்கவுன்டன்ட் இதைக் கேட்டால் தலையில் கை வைத்துக்கொள்வார். ஏனென்றால் அடுத்த ப்ராஜெக்டுக்கு விலை சொல்ல உட்காரும்போது பழைய டைம்ஷீட்டைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். 'போன தடவை நூறில் முடிந்திருக்கிறதே!' என்று ஏடு சொல்லும். 42 சனிக்கிழமை ஏட்டில் ஏறவே இல்லையே! ஆகவே இந்தத் தடவை 90 என்று சொல்லிவிட்டு வருவார்கள். ஊழியர் பயந்து மறைத்த மணி நேரம், அவருடைய அடுத்த வருஷத்து ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து விழுங்கும். இதற்கு நாலு கட்டம் போட்ட டைம் மேனேஜ்மென்ட் வகுப்பு என்ன செய்யும்?

'ஓவர்டைம் சட்டம் இருக்குமே' என்பீர்கள். இருக்கிறது. 1947ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டி, மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்றும் சொல்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. சாஃப்ட்வேரில் மூன்று வருஷத்திலேயே எல்லோரும் ஏதாவது ஒரு 'லீட்' ஆகிவிடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நம்புவோம்.

* * *

அப்படியானால் ஏன் வருகிறார்கள், சனிக்கிழமை? யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லையே?

இங்கேதான் 'கேரியர் க்ரோத்' வருகிறது. டைம்ஷீட்டில் ஏறாத சனிக்கிழமை ஓர் இடத்தில் மட்டும் ஏறும்: மேனேஜரின் ஞாபகத்தில். வருஷக் கடைசியில் அப்ரைசல். நல்ல ரேட்டிங், அதிலிருந்து ஹைக், அதிலிருந்து ப்ரமோஷன், அதிர்ஷ்டம் இருந்தால் ஆன்சைட். எல்லாவற்றுக்கும் அந்த ஞாபகம்தான் ரசீது. அதிக நேர உழைப்புக்குக் காசு கிடையாது, வாக்குறுதி உண்டு.

அந்த வாக்குறுதி எவ்வளவு தூரம் செல்லுபடி ஆகும்? ஹைக்குக்கு இவ்வளவு பணம் என்று பட்ஜெட் முதலிலேயே முடிவாகிவிடும். பிறகு மணி மாதிரி ஒரு வளைகோடு. இத்தனை சதவிகிதம் பேர்தான் பிரமாதம், இத்தனை பேர் சுமார், இத்தனை பேர் தேறாதவர்கள். டீமில் பத்துப் பேரும் சனிக்கிழமை வந்தார்களா? பரவாயில்லை, அதில் ஒருவர் சுமாருக்கும் கீழே இருந்தே ஆக வேண்டும். விடையை எழுதிவிட்டு அப்புறம் கணக்கைப் போடுகிற வித்தை. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் பிரபலப்படுத்திய சமாசாரம் இது: 20, 70, 10. கடைசிப் பத்துப் பேரை வெளியே அனுப்பு. மைக்ரோசாஃப்ட் இதே மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு, ஊழியர்கள் வெளியே போட்டி போடுவதை விட்டுவிட்டு பக்கத்து சீட்டுக்காரனோடு போட்டி போடுகிறார்கள் என்ற விமர்சனம் பலத்ததும், 2013 நவம்பரில் கைவிட்டது. நம் ஊரிலும் சில கம்பெனிகள் 'பெல் கர்வ் இல்லை' என்று அறிவித்தன. வளைகோடு போனது, பட்ஜெட் போகவில்லையே.

அடிவாரத்தைப் பாருங்கள். 2010ஐ ஒட்டிய வருஷங்களில் பெரிய சர்வீஸ் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த என்ஜினீயருக்கு வருஷத்துக்குச் சுமார் மூன்று லட்சம். 2020களிலும் அடிப்படை ஆஃபர் மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான். இடையில் பெருங்குடி வாடகை என்ன ஆயிற்று, காபி விலை என்ன ஆயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இது ஒரு பிரமிடு. கீழே சம்பளம் குறைந்த புதுப் பையன்களும் பெண்களும் ஏராளம் இருந்தால்தான் லாபம் நிற்கும். மேலே போகப் போக இடம் சுருங்கும். இருபத்தைந்து வயதில் 'வளர்ச்சி' என்று பெயர் வைத்துக் கொடுத்த அதே சம்பள உயர்வு, நாற்பது வயதில் 'செலவு' என்று பெயர் மாறிவிடும். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஆட்களில் இரண்டு சதவிகிதம், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்பப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடு மட்டம், மேல் மட்டம். அவர்களில் எத்தனை பேர் எத்தனை சனிக்கிழமைகளை அந்த ஞாபகக் கணக்கில் டெபாசிட் பண்ணியிருப்பார்கள்! அந்தக் கணக்குக்கு பாஸ்புக் கிடையாது.

பெண்கள் விஷயம் இன்னும் கஷ்டம். 2017 திருத்தத்துக்குப் பிறகு பேறுகால விடுப்பு 26 வாரம்; ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். நல்ல சட்டம். ஆனால் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருகிறவருக்கு, அந்த வருஷத்து மேனேஜர் ஞாபகத்தில் பாதிதான் இருக்கும். மீதிப் பாதியிலும் ராத்திரி கால் வந்தபோது குழந்தை அழுதது ஒன்றுதான் இருக்கும். 'உங்க வேலை நல்லாத்தான் இருக்கு, விசிபிலிட்டி கொஞ்சம் கம்மி' என்பார்கள். விசிபிலிட்டி என்றால் என்ன? ராத்திரி எட்டு மணிக்கு அவர் சீட்டில் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். 2015 ஜனவரியில், இதே சென்னையில், கர்ப்பிணி ஊழியர் ஒருவரை வெளியே அனுப்பும் உத்தரவுக்கு உயர் நீதிமன்றம் தடை போட வேண்டி வந்தது. பிறகுதான் டி.சி.எஸ். அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. கோர்ட்டுக்குப் போனவர் ஒருவர். போகாமல் பேப்பர் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர்கள் நம் எல்லோர் குடும்பத்திலும் இருக்கிறார்கள். கேட்டால் 'குழந்தைக்காக விட்டுட்டா' என்போம்.

ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயமாக இருக்காது. டைடல் பார்க் திறந்தது 2000ஆம் வருஷம். அதற்குப் பின்னால் அந்தச் சாலையில் வந்த கம்பெனிகள், சிபாரிசுக்கு ஆள் இல்லாத எத்தனையோ வீடுகளுக்கு முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. விருதுநகர் பக்கமும் தர்மபுரி பக்கமும் அக்கா கல்யாணக் கடன், அப்பா பம்புசெட் கடன் எல்லாம் அடைந்தது அந்தப் பணத்தில்தான். அதனாலேயே 'இவ்வளவு குடுக்கிறானே, சனிக்கிழமை போனா என்ன?' என்று வீட்டுப் பெரியவர்களே கேட்கிறார்கள். சம்பளம் எட்டு மணி நேரத்துக்குப் பேசியது; நன்றிக் கடனைத் தனியாக வசூலிக்க கம்பெனிக்கு உரிமை இல்லை, மாமா.

இந்த ஊருக்கு இது புதுச் சண்டையும் இல்லை. 1918இல் பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காக வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தபோது, முதல் புகார்களில் ஒன்று மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. சோறு தின்ன நேரம் கேட்டு உருவான சங்கம்! இந்தியாவிலேயே முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் கொண்டாடியது 1923இல், சென்னையில். எட்டு மணி நேர வேலை என்பது இந்த ஊர்க்காரர்கள் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கேட்ட கோரிக்கை. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர். மில்காரருக்குத் தான் மில் முதலாளி ஆகப்போவதில்லை என்று தெரியும். சாஃப்ட்வேர்காரருக்கு அடுத்த அப்ரைசலில் தானே மேனேஜர் என்ற நினைப்பு.

நாராயணமூர்த்திக்கே திரும்பி வருவோம். அவர் நிர்வாகத்தை விட்டு விலகி வருஷங்கள் ஆகின்றன. 2025 ஜூலையில் அவர் தொடங்கிய அதே இன்ஃபோசிஸ், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் நாளைக்கு 9 மணி 15 நிமிடத்தைத் தாண்டினால், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மெயில் அனுப்புகிறது என்று செய்தி வந்தது. ஐந்து நாளைக்குப் பெருக்கினால் 46 மணி 15 நிமிடம். ஸ்தாபகர் சொன்னது 70! நல்ல விஷயம், பாராட்டலாம். ஆனால் மெயில் யாருக்குப் போகிறது என்பதைக் கவனியுங்கள். அதிக நேரம் வேலை பார்த்தவருக்கு. 120ஐ நூறு என்று சொல்லிவிட்டு வருகிற ஆளுக்கும் அந்த மெயிலில் ஒரு காப்பி போக வேண்டாமா? இவ்வளவு துல்லியமாக நிமிடக் கணக்குப் பார்க்க முடிகிறதென்றால், அடுத்த ப்ராஜெக்டுக்கு விலை போடுகிற மேஜைக்கு அந்தக் கணக்கை அனுப்புவதில் என்ன சிரமம்?

பங்குச்சந்தையில் இருக்கும் முதல் ஆயிரம் கம்பெனிகள், 2022-23இலிருந்து, லாபக் கணக்கோடு பொறுப்புணர்வு அறிக்கை ஒன்றையும் தர வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தப் படிவத்தில் நல்ல நல்ல கேள்விகள் இருக்கின்றன. பேறுகால விடுப்பில் போனவர்களில் எத்தனை சதவிகிதம் பேர் வேலைக்குத் திரும்பினார்கள், திரும்பியவர்களில் எத்தனை பேர் நிலைத்தார்கள் என்றுகூட ஒரு கட்டம் உண்டு. பத்து லட்சம் மணி நேர வேலைக்கு எத்தனை விபத்துக் காயம் என்று இன்னொரு கட்டம். ஆக, மொத்த மணி நேரத்தை எப்படியும் கூட்டித்தான் ஆக வேண்டும். அதைத் தலைக்கு எத்தனை என்று வகுத்து, எட்டு என்று வசதியாகப் போட்டுக்கொள்ளாமல், வாசல் கதவில் அட்டை தேய்த்த நேரத்தையும் லாப்டாப் திறந்திருந்த நேரத்தையும் வைத்து எழுதச் சொல்லி ஒரே ஒரு கட்டம் சேர்க்கலாம். பங்கு வாங்குகிறவர்களும் பார்க்கட்டும். கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகிற மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகளும் பார்க்கட்டும்.